வண்ணத்துப்பூச்சிக் காதலர்: ஒரு சீன இசைநாடகப் படம் பற்றிய ஆய்வு

(இரண்டாம் ஆண்டு இளமறிவியல் விலங்கியல் மாணவி ஒருவர்)

கலைக்கு மொழி தடையன்று என்று பேச்சுப் போட்டிகளில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். நானும் ஒருமுறை பேசியிருக்கிறேன். பேசிய அன்று அது எனக்கு வெறும் மேடை வாக்கியம். அதன் பொருளை நான் உணர்ந்தது சென்ற ஆண்டுக் கல்விச் சுற்றுலாவில்தான். அன்று கண்ட ஒரு பழைய சீனத் திரைப்படத்தைப் பற்றியும், அதன்பின் நூலகத்தில் படித்து அறிந்தவை பற்றியும் இக்கட்டுரையில் எழுத முனைகிறேன். பிழையிருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

படம் கண்ட கதை

எங்கள் துறை மாணவ மாணவியர் முப்பத்து நான்கு பேர் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். முற்பகல் முழுவதும் பூச்சியினப் பகுதியில் கழிந்தது. கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்திருந்த வண்ணத்துப்பூச்சிகளின் பெயர்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். பகலுணவு முடிந்ததும், அங்குள்ள சிற்றரங்கில் இரண்டரை மணிக்குப் பழைய சீன இசைநாடகப் படம் ஒன்று காட்டப்படும், விரும்புவோர் கட்டணமின்றிப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். பேருந்து ஐந்து மணிக்குத்தான். பெரும்பாலோர் மரத்தடியை நாடினர். நாங்கள் பன்னிரண்டு பேர் மட்டும் விரிவுரையாளர் அம்மையாருடன் உள்ளே சென்றோம்.

படம் ‘லியாங் ஷான்போவும் ஜூ யிங்தாயும்’. பேச்சும் பாட்டும் சீனம். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. நான் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். ஒரு வரியைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். பத்து நிமிடத்தில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மையார் கவனித்திருக்க வேண்டும். “எழுத்தை விடும்மா, முகத்தைப் பாரு” என்றார். அதன்பின் எழுத்தை விட்டேன். முகத்தையும் கைகளையும் பார்த்தேன். கதை தானாகவே புரியத் தொடங்கியது.

நாடகத்தின் தோளில் வளர்ந்த திரை

சீனத் திரைப்பட வரலாற்றைப் படிப்பவர்க்கு ஒரு செய்தி வியப்பூட்டும். அந்நாட்டின் முதல் திரைப்படமாகக் கருதப்படுவது 1905ஆம் ஆண்டு பெய்ஜிங் நகரில் ஃபெங்தாய் என்னும் புகைப்பட நிலையத்தார் எடுத்த ‘திங்ஜுன் மலை’. புகழ்பெற்ற இசைநாடக நடிகர் தான் ஷின்பெய் நடித்த நாடகக் காட்சிகளே அப்படம். சீனாவின் முதல் வண்ணப்படம் 1948இல் ஃபெய் மு இயக்கியது, அதில் நடித்தவர் பெண் வேடத்தில் உலகப் புகழ் பெற்ற மெய் லான்ஃபாங், அதுவும் இசைநாடகமே. 1949இல் மக்கள் சீனக் குடியரசு அமைந்தபின் எடுக்கப்பட்ட முதல் வண்ணக் கதைப்படம்தான் நாங்கள் பார்த்த இப்படம். 1953இல் ஷாங்காய் படநிலையத்தில் உருவாகி, 1954இல் வெளியாயிற்று. இயக்கியவர்கள் சாங் ஹு, ஹுவாங் ஷா என்ற இருவர்.

ஆக, புதிய கருவி ஒன்று கைக்கு வந்தபோதெல்லாம் சீனக் கலைஞர்கள் அதைக் கொண்டு முதலில் தங்கள் பழைய நாடகத்தையே படம் பிடித்திருக்கிறார்கள். மக்கள் அறிந்த பாட்டு, மக்கள் அறிந்த கதை என்றால் புதிய கருவியைக் கண்டு மக்கள் மிரளமாட்டார்கள் அல்லவா?

ஆயினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. சீன நாடக மேடை பெரும்பாலும் வெறுமையானது. நடிகர் கையை அசைத்தால் கதவு திறக்கும். நான்கு அடி நடந்தால் நாற்பது கல் தொலைவு கடந்துவிடும். படப்பிடிப்புக் கருவியோ உள்ளதை உள்ளபடி காட்டுவது. மெய்யான ஆற்றங்கரையில் நின்று நாடக நடை நடந்தால் அது செயற்கையாகத் தெரியும். வெறும் மேடையையே காட்டினால் திரைப்படம் எதற்கு என்ற கேள்வி எழும். இப்படத்தில் நடுவழி ஒன்றைத் தேர்ந்திருக்கிறார்கள். பாலமும் குளமும் மரமும் உண்டு. ஆனால் அவை தீட்டிய ஓவியம் போல மென்மையாக இருக்கின்றன. நாடக நடை அவற்றோடு முரண்படவில்லை.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்ணச் சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை உணரும் மூன்று அடுக்குகள் உண்டு. அக்காலச் சுருளின் ஒளியுணர்திறன் மிகக் குறைவு. ஆகவே கறுப்பு வெள்ளைப் படத்தைவிடப் பன்மடங்கு வலிய விளக்குகள் வேண்டும். அந்த வெப்பத்தில், அடுக்கடுக்கான பட்டாடையும் முகப்பூச்சும் அணிந்து, முகம் சுளிக்காமல் பாடுவதென்றால் எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கதைச் சுருக்கம்

கதை சீனாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் நாட்டார் கதை. கிழக்கு ஜின் மரபினர் ஆண்ட காலத்தில் (317–420) நடந்ததாகச் சொல்வார்கள். ஜெஜியாங் பகுதியில் செல்வக் குடும்பத்துப் பெண் ஜூ யிங்தாய். அவளுக்குப் படிக்க வேண்டும் என்று ஆசை. அக்காலத்தில் பெண்ணுக்குப் பள்ளியில் இடமில்லை. ஆண் உடையில் சென்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தந்தையிடம் மன்றாடி, இணங்கவைத்து, ஹாங்சோ நகருக்குப் புறப்படுகிறாள். உடன்செல்லும் பணிப்பெண்ணும் ஆண் உடையே அணிகிறாள். வழியில் ஒரு மண்டபத்தில் லியாங் ஷான்போ என்ற மாணவனைச் சந்திக்கிறாள். இருவரும் உடன்பிறந்தாராக உறுதி செய்துகொண்டு ஒரே பள்ளியில் மூன்றாண்டு படிக்கிறார்கள். அவள் பெண் என்பதை அவன் அறியவில்லை. ஆசிரியரின் மனைவி மட்டும் அறிந்துகொள்கிறார்.

வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. அவளை வழியனுப்ப அவன் பதினெட்டு லீ தொலைவு உடன் நடக்கிறான். (லீ என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்.) இந்தக் காட்சியே நாடகத்தின் உயிர். வழியில் காணும் இணைப் பறவைகளையும், வாத்துகளையும், கிணற்று நீரில் தெரியும் இருவர் நிழலையும் காட்டி, தான் பெண் என்பதை அவள் குறிப்பால் சொல்லிக்கொண்டே வருகிறாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அரங்கில் நாங்கள் சிரித்துக்கொண்டே இருந்தோம். முடிவில், தன் தங்கை ஒருத்தி இருப்பதாகவும், அவளை மணம் பேச விரைவில் வரவேண்டும் என்றும் சொல்லிப் பிரிகிறாள். அத்தங்கை அவளேதான்.

உண்மையை ஆசிரியர் மனைவியிடம் அறிந்து அவன் ஓடி வரும்போது, தந்தை அவளை மா என்னும் செல்வக் குடும்பத்து மகனுக்கு நிச்சயித்துவிட்டார். மாடத்தில் இருவரும் கடைசியாகச் சந்திக்கும் காட்சியில் சிரித்த அதே அரங்கம் அமைதியாகிவிட்டது. அவன் நோயுற்று இறக்கிறான். அவளுடைய மணப்பல்லக்கு அவன் கல்லறை வழியே செல்கிறது. இறங்கி அழுகிறாள். இடி இடிக்கிறது, கல்லறை பிளக்கிறது, அவள் உள்ளே பாய்கிறாள். பின்னர் இரண்டு வண்ணத்துப்பூச்சிகள் வெளியே பறந்து வருகின்றன.

பெண்களே எழுப்பிய மேடை

இப்படத்தில் காதலன், காதலி இருவராகவும் நடித்தவர்கள் பெண்களே. காதலியாக யுவான் ஷுவேஃபென் (1922–2011). காதலனாக ஃபான் ருய்ஜுவான் (1924–2017). பள்ளிக் காட்சியில் வேடிக்கையான நிலை ஒன்று உண்டாகிறது. ஆணாக நடிக்கும் பெண் ஒருத்தி, ஆணாக நடிக்கும் பெண்ணாக நடிக்கும் இன்னொருத்தியைப் பார்த்து, நீ பெண்ணோ என்று ஐயுறாமல் இருக்கிறாள்! ஆயினும் சற்று நேரத்தில் நமக்கு அது மறந்தே போகிறது.

இவர்கள் ‘யுவே’ நாடகம் என்னும் வகையைச் சேர்ந்தவர்கள். அதன் வரலாறு வெகு பழையதன்று. ஜெஜியாங் மாநிலத்து ஷெங்ஷியன் வட்டாரத்தில் (இன்று ஷெங்சோ) கதைப்பாட்டுப் பாடிவந்த உழவர்கள் 1906இல் முதன்முதலாக நாடகமாக நடித்தார்கள். அப்போது நடித்தவர் அனைவரும் ஆண்கள். 1917இல் ஷாங்காய் நகருக்குச் சென்றார்கள். 1923இல் அதே வட்டாரத்தில் சிறுமியர்க்கென ஒரு பயிற்சிக் குழு தொடங்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் மேடை முழுவதும் பெண்கள் வசமாயிற்று. பெய்ஜிங் நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டினார்கள் என்றால், இங்கே எல்லா வேடமும் பெண்கள் கட்டினார்கள்.

யுவான் ஷுவேஃபென் 1933இல், பதினோரு வயதில், பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். ஷாங்காய் சென்றபின், 1942 முதல் நாடகத்தைச் சீர்திருத்த முற்பட்டார். எழுதிய நாடகப் பிரதி, இயக்குநர், ஒத்திகை, காட்சியமைப்பு ஆகியவற்றைக் கொண்டுவந்தார். 1943இல் இசைக்கலைஞர் சோ பாவோசாயுடன் சேர்ந்து துயரப் பாட்டுக்கு ஏற்ற புதிய இசைமுறை ஒன்றை அமைத்தார். 1945இல் அதே இசைக்கலைஞருடன் ஃபான் ருய்ஜுவான் இன்னொரு முறையை அமைத்தார். அதுவும் இந்த லியாங் ஷான்போ வேடத்துக்காகவே. அந்த இரு முறைகளும் படத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இவர்கள் வாழ்வு மலர்ப்பாதையாக இருக்கவில்லை. 1946இல் எழுத்தாளர் லூ ஷுன் கதை ஒன்றை யுவான் நாடகமாக்கினார். அதே ஆண்டு தெருவில் அவர்மீது மலத்தை வீசினார்கள். அவர் மேடையை விடவில்லை. 1947இல் அவரும் ஃபான் ருய்ஜுவானும் உள்ளிட்ட பத்து நடிகையர் ஒன்றுகூடி ஒரு பொது நாடகம் நடித்தார்கள். அரங்க உரிமையாளர்களின் பிடியிலிருந்து விடுபட்டுத் தங்களுக்கென ஓர் அரங்கமும், இளையவர்க்கு ஒரு பள்ளியும் கட்டப் பணம் திரட்டுவதே நோக்கம். அந்தப் பதின்மரையும் ‘பத்துச் சகோதரிகள்’ என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

ஜெனீவாவில் ஒரு வரி

1954 ஏப்ரல் முதல் ஜூலை வரை கொரியா, இந்தோசீனா சிக்கல்களைப் பேச ஜெனீவா நகரில் மாநாடு கூடியது. சீனப் பிரதமர் சூ என்லாய் தம் குழுவோடு இப்படத்தின் படச்சுருளையும் கொண்டு சென்றிருந்தார். செய்தியாளர்களுக்கு முதலில் சீனத் தேசிய நாள் அணிவகுப்புப் படத்தைக் காட்டினார்கள். இதில் படைப்பெருக்கமே தெரிகிறது என்று சிலர் குறைகூறவே, இக்காதல் கதையைக் காட்டச் சொன்னார் பிரதமர்.

செய்திப் பணியில் இருந்த ஷியோங் ஷியாங்ஹுய் என்பவர், வெளிநாட்டவர்க்குப் புரியவேண்டுமே என்று கதையையும் பாடல்களையும் விளக்கிப் பதினைந்து பதினாறு பக்கம் தயாரித்தார். சூ என்லாய் அதை ஏற்கவில்லை. இத்தனை பக்கத்தை யார் படிப்பார்கள் என்றார். மாட்டுக்கு யாழ் வாசிப்பது என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. நம் செவிடன் காதில் ஊதிய சங்கு போன்றது. கேட்பவர் அறியாமையைப் பழிப்பதைவிட, கேட்பவர் யார் என்று பாராமல் வாசிப்பவரையே பழிக்கவேண்டும் என்பது பிரதமரின் கருத்து. அழைப்பிதழில் ஒரே ஒரு வரி போதும், இது சீனத்து ரோமியோ ஜூலியட் என்று எழுதுங்கள் என்றார். அப்படியே செய்தார்கள். அரங்கம் நிறைந்தது. பார்த்தவர்கள் கைதட்டி மகிழ்ந்தார்கள். இச்செய்தியை ஷியோங் பின்னாளில் தாமே எழுதியிருக்கிறார்.

செய்முறைத் தேர்வு ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதும் எனக்கு இது ஒரு நல்ல பாடம். அறியாததை அறிந்ததன் வழியாகச் சொல்லவேண்டும். என் பக்கத்திலிருந்த அம்மையார் சொன்னதும் அத்தகைய ஒரு வரிதான்.

என் கருத்து

ஆயினும் பெருமக்கள் பொறுப்பார்களாயின் ஒன்று சொல்வேன். அந்த ஒரு வரி வாயிலைத் திறந்தது உண்மையே. ஆனால் அது கதையின் பாதியை வெளியே நிறுத்திவிட்டது. ரோமியோ ஜூலியட் கதையில் தடையாக நிற்பது இரு குடும்பத்துப் பகை. இக்கதையிலோ பகை ஏதுமில்லை. இக்கதை காதலில் தொடங்கவுமில்லை. படிக்க வேண்டும் என்ற ஒரு பெண்ணின் ஆசையில் தொடங்குகிறது. அவள் ஆண் உடை அணிந்தது காதலனைக் காண்பதற்கன்று, புத்தகத்தைக் காண்பதற்கு. அவள் இழந்தவை இரண்டு. ஒன்று காதலன், மற்றொன்று பள்ளி. காதலனை வண்ணத்துப்பூச்சி வடிவில் கதை அவளுக்குத் திருப்பித் தருகிறது. பள்ளியை யாரும் திருப்பித் தரவில்லை. அதைப்பற்றிப் பாட்டும் இல்லை.

இதை நான் தானாகக் கண்டுபிடித்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். சுற்றுலா முடிந்து ஊருக்குச் சென்றபோது என் தாயாரிடம் கதை முழுவதையும் சொன்னேன். என் தாயார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். சேர்க்கைக்காக ‘முதல் பட்டதாரி’ச் சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரே என்னோடு மூன்று முறை நடந்தார். கல்லறை பிளந்ததையும், வண்ணத்துப்பூச்சி பறந்ததையும் நான் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்:

“அது கெடக்கட்டும். மூணு வருஷம் படிச்சாளே, படிப்ப முடிச்சாளா?”

“இல்லம்மா. வீட்டுக்கு வரச் சொல்லிட்டாங்க.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விலங்கியல் மாணவி என்ற முறையிலும் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். இறப்புக்குப் பின் வரும் புது வாழ்வுக்கு வண்ணத்துப்பூச்சியை உவமையாகச் சொல்வது பல நாட்டு வழக்கு. புழு அசையாத கூட்டுப்புழுவாகி, பின் இறக்கையோடு வெளிவருவதைக் கண்ட முன்னோர் அதை மறுபிறவி என்று எண்ணினார்கள். உண்மை அதுவன்று. கூட்டுக்குள் புழு இறப்பதில்லை. அதன் உடலின் பெரும்பகுதி கரைந்து புதிதாக அமைகிறதே அன்றி, உயிர் ஒரு கணமும் நிற்பதில்லை. இறக்கையாக வளரப்போகும் சிறு செல் தொகுதிகள் புழுவாக இருக்கும்போதே அதன் உடலுக்குள் இருக்கின்றன. அவை விரிவதற்குக் காலமும், தொந்தரவில்லாத ஓர் இடமும்தான் வேண்டும். பாதியில் கூட்டைப் பிரித்துவிட்டால் வண்ணத்துப்பூச்சி வருவதில்லை. செத்த புழுவும் வண்ணத்துப்பூச்சி ஆவதில்லை.

ஜூ யிங்தாய்க்குக் கிடைக்காதது அந்தக் காலமும் அந்த இடமுமே என்று நான் கருதுகிறேன். அவளாக நடித்த யுவான் ஷுவேஃபென் அந்த இடத்தைத் தம் கையாலேயே உண்டாக்க முயன்றார். கல்லறைக்குள் பாயும் பெண்ணாகத் திரையில் நடித்தவர், வாழ்வில் இளையவர்க்குப் பள்ளி கட்டப் பணம் திரட்டியவர். இரண்டு பெண்களில் யாரை நாம் பின்பற்றவேண்டும் என்று கேட்டால், என் விடை யுவான் ஷுவேஃபென் என்பதே.

கதை தொடர்ந்த வழி

1959ஆம் ஆண்டு ஷாங்காய் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹ ஜான்ஹாவ், சென் காங் என்ற இரு மாணவர்கள் யுவே நாடக மெட்டுகளைக் கொண்டு இக்கதையை வயலின் இசைப் படைப்பாக அமைத்தார்கள். அவ்வாண்டு மே 27ஆம் நாள் அதை முதன்முதலாக மேடையில் வாசித்த யூ லீனா இருபது வயதை எட்டாத மாணவி. இன்று உலகெங்கும் வாசிக்கப்படும் சீன இசைப் படைப்புகளுள் அது முதன்மையானது. 1963இல் ஹாங்காங் ஷா சகோதரர்கள் நிறுவனத்துக்காக லி ஹான்ஷியாங் இக்கதையை வேறொரு நாடக இசையில் மீண்டும் படமாக்கினார். அதிலும் காதலனாக நடித்தவர் லிங் போ என்ற பெண்ணே. தைவான் மக்கள் அப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பித்தாயினர். 2006இல் சீன அரசு இக்கதையையும் யுவே நாடகத்தையும் நாட்டின் மரபுச் செல்வங்களாக அறிவித்தது.

கல்லூரியில் ஒரு மாணவர் செய்யும் வேலை எத்தனை தொலைவு செல்லும் என்பதற்கு அந்த வயலின் இசையே சான்று. நம் கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முடிவுரை

அன்று மரத்தடியில் தங்கிவிட்ட நண்பர்கள், பேருந்தில் ஏறியதும், படம் எப்படி என்று கேட்டார்கள். இரண்டு பூச்சி பறந்தது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அந்த விடையே இக்கட்டுரை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லி முடிக்கிறேன். சென்ற தை மாதம் என் தாய்மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல இடம், சொந்த வீடு, நகை பற்றிப் பேச்சில்லை, சித்திரையிலேயே முடித்துவிடலாம் என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் கைகள் நடுங்கின. என் தாயார் மாமாவுக்கு எதிராக ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அன்று அவர் காப்பியை மாமா முன் வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“இன்னும் ஒரு வருஷம் இருக்குண்ணே. அவ முடிக்கட்டும்.”

அடுத்த ஆண்டு இந்த மலரில் மூன்றாமாண்டு மாணவியாக எழுதுவேன் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறேன்.